துடைத்த சட்டியில் தண்ணீர்

அந்தச் சட்டியை எப்படிக் கழுவ வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர். அதில் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் கரைக்க வேண்டும். பழைய வேட்டித் துணியால்தான் தேய்க்க வேண்டும். சாம்பல் கூடாது, தேங்காய் நார் கூடாது, புளி கிட்டேயே வரக்கூடாது. இரும்புச் சட்டிக்கு மேலே ஈயம் பூசியிருந்தது. நம் பெண்கள் கையில் ஒரு பாத்திரம் கிடைத்தால் பளபளக்கும்வரை விடமாட்டோம் அல்லவா? அப்படித் தேய்த்தால் ஈயம் கழன்று அடியில் இருக்கிற இரும்பு பல்லைக் காட்டும். கழுவியதும் உடனே துடைக்க வேண்டும். பிறகு வேறொரு காய்ந்த துணியால் மறுபடியும் துடைக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் தங்கினாலும் மறுநாள் காலையில் அந்த இடத்தில் துரு பூத்திருக்கும்.

சட்டியோடு மூன்று சாமான்கள் வந்திருந்தன. முட்டை அடிக்கக் கம்பிகளை வளைத்துச் செய்த மத்து ஒன்று. வெண்ணெயும் சீனியும் குழைக்கத் தட்டை மத்து ஒன்று. ரொட்டி மாவு பிசைய ஒரு கொக்கி. தட்டை மத்தும் கொக்கியும் சாது. கம்பி மத்துதான் என் உயிரை வாங்கியது. கம்பிகள் எல்லாம் ஒன்றுசேருகிற கழுத்தில் முட்டை போய் உட்கார்ந்துகொள்ளும். தென்னை ஈர்க்கால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுநாள் நாறும். துரையின் மனைவி துரைசாணியின் மூக்கு சும்மா இருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் அது. சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஏழாவது கட்டையில், அதாவது ஏழாவது மைல்கல்லில், இருந்ததால் எங்கள் தோட்டத்துக்கு ஏழாங்கட்டை என்றே பெயர். கித்தா என்கிற ரப்பர் மரக் காட்டுக்கு நடுவே ஒரு மேடு, மேட்டின் மேல் வெள்ளைக்காரத் துரையின் பங்களா, கீழே ஆற்றோரம் கூலியாட்கள் குடியிருக்கிற லயங்கள். துரைசாணியின் அக்காள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மத்து மிஷின், அந்தச் சட்டியும் மத்துகளுமாக, பினாங்கில் கப்பல் இறங்கி, ரயிலில் வந்து, நாலு ஆள் சுமந்து மேடு ஏறியது. ரப்பர் பால் ஸ்டோரில் கித்தா ஷீட்டு உருட்டுகிற எஞ்சினிலிருந்து பங்களாவுக்குக் கரண்டு இழுத்திருந்தார்கள். ஸ்டோர் எஞ்சின் ஓடுகிறவரை மிஷினும் ஓடும். நாலு மணிக்கு எஞ்சின் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

அந்தச் சமையலறையில் நாங்கள் மூன்று பேர். சமையல்காரர் ஆம்புரோஸ் அண்ணன் ஈப்போக்காரர். துரைசாணியின் இங்கிலீஷ் புரிகிற ஒரே ஆள் தான்தான் என்ற கர்வம் அவருக்கு நடையிலேயே தெரியும். பாத்திரம் கழுவ ராக்காயி அக்கா. நாற்பத்தைந்து வயது, புருஷன் பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை, வேலை முடிந்து சாயங்காலம் லயத்துக்கு இறங்கிவிடும். கடைசியாக வந்து சேர்ந்தவள் நான், ரோசரி. என் புருஷன் அந்தோணிமுத்துவும் மூத்த பையனும் ஒரே மழைக்காலத்தில் லயத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது நாலு வயது மகள். ஞானஸ்நானத்தில் கெர்ட்ரூட் என்று பெயர் வைத்தோம். அது யார் வாயிலும் நுழையாமல் பாப்பா ஆகிவிட்டாள்.

ஆம்புரோஸ் அண்ணன் சொல்லித்தான் எனக்கு பங்களாவில் வேலை கிடைத்தது. சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறையும் கொடுத்தார்கள். மேட்டில் கொசு குறைவு, கிணற்றுத் தண்ணீர் சுத்தம், பாப்பாவுக்கு மிச்சப் பால் கிடைக்கும். மறுபடி லயத்துக்கு இறங்கினால் இவளும் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த அறையை விட்டுக்கொடுக்காமல் இருக்க நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்யவும் செய்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ராக்காயி அக்காளுக்கு ஒரு பழக்கம். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கக் கூடாது. உள்ளங்கையளவு தண்ணீர் விட்டு, நாலு பருக்கை அரிசி போட்டு வைக்க வேண்டும். வெறும் பானை வீட்டுக்கு ஆகாது; ராத்திரி வந்து பார்க்கிற பெரியவர்கள் பசியோடு திரும்பிப் போவார்கள். எங்கள் அம்மாவும் செய்வாள், சிலுவை போட்டுக்கொண்டே செய்வாள். ஆனால் பங்களா சமையலறையில் சோற்றுப் பானை ஏது? அக்காள் நாலா பக்கமும் பார்த்துவிட்டு மத்து மிஷின் சட்டியில் தண்ணீரையும் அரிசியையும் போட்டு வைத்திருக்கிறது.

“ஏன்க்கா இதுல போட்டே?” என்று கேட்டேன்.

“இந்த வீட்டுச் சாப்பாடெல்லாம் எதுல பொறக்குது? இதுலதான லா. அப்ப இதுதான் பானை” என்றது.

மறுநாள் காலையில் சட்டியின் அடியில் செந்நிறத்தில் ஒரு வளையம். துரைசாணி போட்ட சத்தத்தில் கோழிகள் கூண்டுக்குள் ஓடின. ஆம்புரோஸ் அண்ணன் பாதியை மொழிபெயர்த்தார், மீதி மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால், செய்தவள் யாராயிருந்தாலும் அன்றைக்கே வெளிக்காட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ராக்காயி அக்காள் மாரியம்மன் மேல் ஆணையிட்டு, இனி சட்டியைத் தொடமாட்டேன் என்றது. அன்று முதல் அடுப்பு மேடையோரம் ஒரு சிரட்டையில் தண்ணீரும் அரிசியும் வைத்தது. சொன்ன சொல்லை ஒருநாளும் மீறவில்லை. சட்டியைக் கழுவித் துடைக்கிற வேலை என்னிடம் வந்தது.

ஒரு சனிக்கிழமை டென்னிஸ் ஆட விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மூன்று கேக்கு, இருபது முட்டை. அன்று மத்தியானம் பாப்பாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தோணிமுத்துவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சட்டியை அவசரத்தில் அலசி, துடைக்காமல், ஈரத்துணி மேலேயே கவிழ்த்துவிட்டுப் பிள்ளையிடம் ஓடிவிட்டேன். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நிம்மதியாகச் சமையலறைக் கதவைத் திறந்தேன். சட்டியின் வாய் முழுக்கத் துரு. முந்தின தடவை ஒரு வளையம்தான். இது அதைவிட மோசம்.

சமையலறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பு மேடையோரம் சிரட்டை இருந்தது. நான் அதை எடுத்து, அதிலிருந்த தண்ணீரையும் அரிசியையும் சட்டிக்குள் ஊற்றினேன். காலிச் சிரட்டையை அடுப்புக்குள் போட்டேன். யோசித்துச் செய்தேனா யோசிக்காமல் செய்தேனா என்று பிறகு பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன்.

துரைசாணி வந்து பார்த்தாள். தண்ணீரையும் அரிசியையும் பார்த்ததும், யாரையும் விசாரிக்காமல், பாத்திரம் கழுவுகிறவளை வெளிக்காட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள். ராக்காயி அக்காள் அப்போதுதான் மேடு ஏறி வந்து வாசலில் நின்றது. சட்டியைப் பார்த்தது, அடுப்போரத்தைப் பார்த்தது, கடைசியாக என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அக்காள் கத்தவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடு எறங்கிருச்சு. புள்ளையப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது.

அக்காளுக்கு வெளிக்காட்டில் புல் பிடுங்குகிற வேலை. மழை தொடங்கிவிட்டது. மூன்றாவது வாரம் அக்காளுக்குக் காய்ச்சல் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. போகிறேன் போகிறேன் என்று நாளைத் தள்ளினேன். ஐந்தாவது நாளும் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வரவில்லை என்று லயத்துக்காரர்கள் கதவைத் தள்ளிப் பார்த்தபோது அக்காள் இறந்து கிடந்தது. சாவுக்குத்தான் போனேன். லயத்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் மூலையில் இருந்த பானையைப் பார்த்தேன். கழுவிக் காய்ந்து கிடந்தது. ஊருக்கெல்லாம் பானை நிரப்பி வைத்தவள் வீட்டில் ஒரு பருக்கை அரிசி இல்லை.

இதெல்லாம் நடந்து பத்து நாள் கழித்துத்தான் அது தொடங்கியது.

முதல் நாள் சட்டியில் தண்ணீரைப் பார்த்ததும் என் மறதி என்றுதான் நினைத்தேன். துடைக்காமல் விட்டிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு தண்ணீரைக் கொட்டப் போனேன். அடியில் நாலு அரிசி, ஊறி உப்பிக் கிடந்தது. கொட்டிய தண்ணீர் என் காலில்தான் விழுந்தது. நல்லவேளை துரு இன்னும் பிடிக்கவில்லை. துடைத்து, வெயிலில் வைத்து எடுத்து, ஒன்றும் நடக்காதது போல மாட்டி வைத்தேன்.

மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

ஆம்புரோஸ் அண்ணன்தான் விளையாடுகிறார் என்று முடிவுகட்டினேன். மனிதர் அப்படிப்பட்டவர்தான். ஒரு தடவை என் வெற்றிலைப் பையில் தவளையைப் போட்டவர்.

“அண்ணே, இந்த வெளாட்டு வேணாம். எம் பொழப்பு போயிரும்” என்றேன்.

“என்னம்மா சொல்றே? எனக்கு வேற வேல இல்லியா? சாவி ஒங்கிட்டதான இருக்கு” என்றார்.

அது வாஸ்தவம். வெளிக்கதவுச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எங்கள் அறையிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு உண்டு; அதற்குப் பூட்டு இல்லை, ஆனால் அந்த அறையில் நானும் பாப்பாவும் தவிர வேறு யார்? அரிசி டின்னுக்கும் பூட்டு போட்டிருந்தது. நான் அரிசியை டின்னோடு எங்கள் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். அப்படியும் காலையில் சட்டியில் நாலு பருக்கை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். துடைத்த சட்டியை அடுப்புச் சூட்டில் காட்டினேன். தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு உள்ளே முழுக்கத் தடவினேன். பழைய பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டினேன். மறுநாள் காலையில் கட்டு போட்டபடியே இருந்தது; பிரித்தால் பேப்பர் காய்ந்திருந்தது, சட்டிக்குள் தண்ணீர் இருந்தது. ஒருநாள் சட்டியைக் கவிழ்த்தே வைத்தேன். கவிழ்த்த சட்டியின் அடிப்பக்கம், மிஷினில் மாட்டுகிற பள்ளத்தில், கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. அதிலும் நாலு அரிசி.

கம்பி மத்து அதைவிட மோசம். ஆணியில் தொங்கவிட்டால் காற்றே இல்லாத நேரத்தில் மெதுவாக ஒரு பக்கம் திரும்பும், நிற்கும், மறுபக்கம் திரும்பும். எஞ்சின் நின்று, கரண்டு இல்லாத நேரத்தில்தான் இந்தக் கூத்து. கம்பிகளின் கழுத்தில் முட்டைக்குப் பதில் அரிசி மாட்டிக்கொண்டிருக்கும். ஈர்க்கால் எடுக்க எடுக்க இன்னொன்று தட்டுப்படும். வாய் விட்டு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே எடுப்பேன். பயத்தில் சொன்னது, பக்தியில் சொன்னதில்லை.

ஒரு காலையில் துரைசாணி எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். நான் போனபோது அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நின்ற இடத்தில் லேசாகச் செம்மை பூத்திருந்தது. ஆம்புரோஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

“இன்னொரு வாட்டி பாத்தா நீயும் எறங்க வேண்டியதுதானாம், ரோசரி.”

பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ராக்காயி அக்காள் வீட்டு அந்தக் காய்ந்த பானைதான் கண்ணில் வந்தது.

அன்றைக்கே சட்டியைக் கம்பிவலை அலமாரியின் தலைக்கு மேல் ஏற்றினேன். நான் கையை உயர்த்தி, குதிகாலைத் தூக்கினால்தான் அதன் விளிம்பு எட்டும். ஏறி நிற்க ஒன்றும் இருக்கக் கூடாது என்று முக்காலி, மாவுப் பீப்பாய், சாக்கு மூட்டை எல்லாவற்றையும் வெளியே தள்ளினேன். சமையலறை வெறும் தரையாகக் கிடந்தது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பழைய ரோசரியாகி, ஆம்புரோஸ் அண்ணனிடம் அவர் சுட்ட ரொட்டியைப் பற்றி நக்கல்கூடப் பேசினேன்.

மூன்றாவது நாள் சனிக்கிழமை. அண்ணன் சாமான் வாங்க சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தார். துரை ஸ்டோரில், துரைசாணி மத்தியானத் தூக்கத்தில். நான் பாப்பாவை அறையில் படுக்க வைத்துவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் சுவரோரம் உட்கார்ந்து கழுவின துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். வெயில் கொளுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறைக்குள் பாப்பாவின் குரல் கேட்டது.

“இன்னும் மேல. எட்டல. இன்னுங் கொஞ்சம் மேல தூக்கு.”

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். சாவியைப் போட்டுத் திறந்தேன். கதவைத் தள்ளினேன்.

பாப்பாவின் கால்கள் தரையைத் தொடுவதைத்தான் பார்த்தேன். குதித்த பிள்ளை தொப்பென்று ஊன்றுமே, அப்படி இல்லை. விரல் நுனி முதலில், குதிகால் பிறகு, பக்குவமாக இறக்கிவிட்டது போல. இரண்டு அக்குளிலும் சட்டைத்துணி மேலே சுருண்டு கசங்கியிருந்தது. என் கண் முன்னாலேயே அந்தச் சுருக்கம் தளர்ந்து கீழே இறங்கியது. அவள் கையில் ஒரு காலித் தம்ளர் இருந்தது. அலமாரி உச்சியில் சட்டியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கீழே விழுந்தது.

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. பிள்ளை உள்ளே இருந்ததால் ஓடவில்லை. அவளை வாரி எடுத்தேன். அக்குள் இரண்டும் ஈரம். சவர்க்காரத் தண்ணீரில் வெகுநேரம் ஊறின கையின் வாடை அடித்தது. என் கைக்கும் அதே வாடைதான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அன்று காலையிலிருந்து நான் சவர்க்காரத்தைத் தொடவில்லை.

“யாரு தூக்கினா?”

“அத்தை.”

“எந்த அத்தை?”

“ராக்காயி அத்தை. நாந்தான் ஊத்துவேன், அத்தை தூக்கிப் புடிச்சிக்கும்” என்றாள். சொல்லும்போது ஒரு பெருமை வேறு.

“அத்தை செத்துப் போச்சுடி.”

“ஆமா” என்றாள். அது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

“எதுக்கு ஊத்துறே? அம்மாவ வேலைய விட்டு அனுப்பிருவாங்கன்னு தெரியாதா?”

பாப்பா என் காதோரம் வாயை வைத்து, இரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள். “அத்தை சொல்லுச்சு. அன்னிக்கு அம்மா ஊத்தினாங்கல்ல, அதே மாதிரி ஊத்தணுமாம்.”

அன்றைக்கு நான் ஊற்றியபோது பாப்பா காய்ச்சல் இறங்கி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உலகத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. நான் அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சாமியாரிடம் சொல்லவில்லை. பாப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

பிறகு என் கால் தானாக பங்களா முன்பக்கம் நடந்தது. சொல்லிவிட்டால் இது போய்விடும் என்றுதான் தோன்றியது. வேலை போனால் போகட்டும், தண்டனையை என் தலையில் வாங்கிக்கொண்டால் பிள்ளையை விட்டுவிடும் என்று நினைத்தேன். ஆம்புரோஸ் அண்ணன் சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்பி, கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். துரைசாணி எழுந்து வந்து, மேஜையில் காகிதம் வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, சொல்லுங்க. அன்னிக்குச் சட்டியத் தொடைக்காம விட்டது நானு. ராக்காயி அக்கா ஒண்ணும் செய்யல. அவ செரட்டையில வெச்சத எடுத்து நாந்தான் ஊத்தினேன். பழிய அவ மேல போட்டேன்.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கர்வமெல்லாம் வடிந்து, வயதானவராகத் தெரிந்தார். இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி பேனாவைக் கீழே வைக்காமல் கேட்டாள். புருவம் சுருங்கியது. ஏதோ கேட்டாள்.

“என்னண்ணே கேக்குறாங்க?”

“ராக்காயின்னா யாருன்னு கேக்குறாங்க” என்றார்.

அவர் விளக்கினார். முன்பு பாத்திரம் கழுவினவள், காய்ச்சலில் செத்துப்போனவள் என்று சொல்லியிருப்பார். துரைசாணி ஞாபகம் வந்தது போலவும் வராதது போலவும் தலையசைத்தாள். பழைய விஷயம், உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம், இனிமேல் சட்டியை நன்றாகத் துடைத்தால் போதும் என்றாளாம். மறுபடி எழுதத் தொடங்கிவிட்டாள். ஒரு பெண்ணைச் சாகடித்துவிட்டேன் என்று சொல்ல வந்தவளுக்கு அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அவள் மேல் வந்த கோபம், அதைவிட அதிகமாக என் மேலேயே வந்த கோபம், இரண்டும் சேர்ந்து கண்ணை மறைத்தது.

என் வேலை போகவில்லை. அறையும் போகவில்லை. நான் எதற்காக அந்தப் பாவத்தைச் செய்தேனோ அது முழுசாக என் கையிலேயே இருந்தது. இருந்து என்ன? அறைக்குத் திரும்பியபோது பாப்பா சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் மேலே தூக்கியபடி, தூக்கச் சொல்லிக் காத்திருந்தாள். அவள் முகம் என் பக்கம் இல்லை. அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தது.

பெட்டியைக் கட்டினேன். இரண்டு சேலை, பாப்பாவின் சட்டைகள், மாதா படம்.

“பைத்தியமா லா ஒனக்கு?” என்றார் ஆம்புரோஸ் அண்ணன். “அவங்கதான் மன்னிச்சிட்டாங்கல்ல? கீழ போனா காய்ச்சல்னு நீதான சொல்லுவே?”

“இங்க இருந்தா மட்டும் புள்ள எனக்கு மிஞ்சுமா அண்ணே?” என்றேன். அவர் பெட்டியை மேட்டின் விளிம்புவரை தூக்கி வந்து கொடுத்தார்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கித்தா மரங்களுக்கு நடுவே இறங்கினேன். சாயங்கால வெயில் மரங்களுக்கு ஊடே சாய்ந்து விழுந்தது. மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற மங்குகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பத்து அடிதான் நடந்திருப்பேன், பாப்பா கனத்தாள். நாலு வயதுப் பிள்ளையின் கனம் இல்லை அது. நான் முன்னால் ஒரு அடி வைத்தால் அவள் பின்னால் ஒரு அடி இழுபட்டாள். இறுக்கிப் பிடித்தேன். அவள் சிணுங்கினாள்.

“அம்மா, வலிக்குது. ரெண்டு பேரும் இழுக்காதீங்க.”

பெட்டியைக் கீழே போட்டேன். நட்ட நடுப் பாதையில் மண்டியிட்டேன். யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அக்காளின் பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எதிரே யாரும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுப் பேசினேன்.

“அக்கா, நாந்தான் ஊத்தினேன். ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் எம்புள்ள நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போனே. நீ காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு வாய் கஞ்சி கொண்டு வரல நானு. பயந்துக்கிட்டு வரல. இந்தப் புள்ள என்ன செஞ்சுது? இவ ஒன்னைய அத்தைன்னு கூப்புட்டவ. புடிக்கணும்னா என்னையப் புடிச்சுக்க அக்கா. என்னையப் புடிச்சுக்க, இவள விட்டுரு.”

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அழுதேன். கீழே லயத்தில் அடுப்புப் புகை எழும்பத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாப்பாவின் கனம் குறைந்தது. கடைசியில் எப்போதும்போல எலும்பும் தோலுமாக, என் மடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆனாள். அவள் தன் அக்குளைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் யாரையோ அண்ணாந்து பார்த்து, வெட்கமாகச் சிரித்தாள்.

“விட்டுருச்சாடி?” என்று கேட்டேன்.

“என்னைய விட்டுருச்சும்மா” என்றாள். பெட்டியின் மேல் கிடந்த என் இடது கையைக் காட்டினாள். “ஒங் கையத்தான் புடிச்சிருக்கு.”

பார்த்தேன். என் கைதான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் விரல்களுக்கு நடுவே சில்லென்று இருந்தது.

நல்லது என்றேன். மனதார நல்லது என்றுதான் சொன்னேன். பெட்டியைத் தலையில் வைத்தேன். பாப்பா முன்னால் ஓடட்டும் என்று விட்டேன். இடது கையை வீசாமல், ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போது எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படியே வைத்துக்கொண்டு, லயத்துக்கு இறங்கினேன்.